கோடைப் பயிற்சிக்குச் செல்லும் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குக் கோடையில் பயிற்சி தரும் கருத்தாளர்களுக்கும்:

கணினி, கைபேசி, புரொஜெக்டர் ஆகியவற்றின் துணையோடு கணிதம் நடத்தப் பழகுவதற்கென்று ஒதுக்கப்படும் சில நாள்களே கோடைக்காலத் தொழில்நுட்பப் பயிற்சி. வட்டார வள மையத்திலோ மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ ஒரு பள்ளியின் ஹைடெக் லேபிலோ அது நடக்கிறது. கருவியே இல்லை என்ற பழைய குறை இப்போது பெருமளவு தீர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2024-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி தரும் திட்டம் தொடங்கியது. நடுநிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேபும் வந்தது. கணிதப் பாடநூலிலேயே ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்குள்ள க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் ஜியோஜீப்ரா பணித்தாள் திறக்கும். ஆகவே, அந்தச் சில நாள்களை எதற்குச் செலவிடுவது என்பதே இனிப் பேச வேண்டியது.

எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று தொடங்கும் பயிற்சி, பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் மறந்துபோகிறது. மாணவர் எந்த இடத்தில் இடறுகிறார் என்று தொடங்கும் பயிற்சிக்கு ஆயுள் அதிகம். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, கற்பிக்கும் முறைகளைப் பொதுவாக அறிந்திருப்பது இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு பாடத்தைப் பிறருக்குப் புரியவைக்கும் அறிவு இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் இதனோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்து விரித்தார்கள். ஜியோஜீப்ராவில் எண்ணை இழுத்து மாற்றும் ஸ்லைடரை உருவாக்கத் தெரிந்தால் அது தொழில்நுட்ப அறிவு. அதை எண்கோட்டில் -7-இல் நிறுத்திவிட்டு, “இதோடு 3-ஐக் கூட்டினால் எந்தப் பக்கம் நகரும்?” என்று கேட்டு, வகுப்பு முழுவதும் பதிலை நோட்டில் எழுதிய பிறகே நகர்த்திக் காட்டுவது ஷுல்மன் சொன்ன மூன்றாவது அறிவின் கணினிக்கால வடிவம். கோடைப் பயிற்சி வளர்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் நாள் காலையில் கணினியைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் சென்ற ஆண்டுத் தேர்வுத் தாள்களில் பத்துப் பதினைந்தைக் கொண்டுவந்தால் போதும். பெயர்களை மறைத்துவிட்டு, மதிப்பெண்ணைப் பாராமல் தவறின் வகையைப் பார்த்துப் பிரித்து அடுக்கினால், மேசைமேல் ஒரே மாதிரியான குவியல்கள் சேரத் தொடங்கும். ½ + ⅓ = ⅖ என்று எழுதியவை ஒரு குவியல்; மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிய கணக்குகள் இவை. 0.8-ஐ விட 0.35 பெரியது என்றவை இன்னொன்று. -7 + 3 = -10 என்றவை மூன்றாவது; இரண்டு எண்களையும் கூட்டிவிட்டு முன்னால் கழித்தல் குறியை ஒட்டவைத்திருப்பார்கள். சுற்றளவு கேட்ட இடத்தில் பரப்பளவு எழுதியவை நான்காவது. இவற்றைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாணவர் தாமே அமைத்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. அந்த விதி வேறோரிடத்தில் சரியாகவும் இருந்திருக்கும். முழு எண்களில் இலக்கம் அதிகமானால் எண் பெரிது. அந்த விதியைத் தசமப் புள்ளிக்கு அப்பாலும் கொண்டுபோனதுதான் இரண்டாவது குவியல்.

குவியல்கள் தயாரான பிறகுதான் கருவியைப் பற்றிய பேச்சு எழ வேண்டும். சில குவியல்களுக்குக் கருவியே தேவைப்படாது. ½-ஐயும் ⅓-ஐயும் கூட்ட, ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை ஆறாக மடித்து ஒட்டிப் பார்ப்பது எந்தத் திரையையும் விடத் தெளிவானது. மாணவரின் விரல் மடித்த கோடு அவர் நினைவில் நிற்கும். ⅖ என்பது ½-ஐ விடவே சிறியது, கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்ற கேள்வியும் பட்டையைக் கையில் வைத்திருப்பவருக்குத் தானாக எழும். தொழில்நுட்பப் பயிற்சி என்பதற்காக எல்லாப் பாடத்தையும் திரைக்கு ஏற்றுவது தவறு. எங்கே திரை வேண்டாம் என்று முடிவெடுக்கத் தெரிவதும் பயிற்சியில் பெற வேண்டிய திறனே.

திரைக்கு உண்மையான வேலை இருக்கும் இடம், ஒன்று மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று காட்ட வேண்டிய இடம். கரும்பலகைப் படம் அசையாது. சுற்றளவு 24 செ.மீ. உள்ள செவ்வகத்தை எடுத்துக்கொள்ளலாம். நீளத்தை ஸ்லைடரில் வைத்து இழுத்தால், 11-க்கு 1 என்னும்போது பரப்பு 11 சதுர செ.மீ., 10-க்கு 2 என்னும்போது 20, பிறகு 27, 32, 35 என்று ஏறி, பக்கங்கள் ஆறும் ஆறும் ஆகும்போது 36-ஐத் தொட்டு, அதைத் தாண்டியதும் இறங்கும். சுற்றளவு 24 அசையவே இல்லை. சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிய நான்காவது குவியலுக்கு இந்த ஒரு பணித்தாள் போதும்.

ஜியோஜீப்ராவை 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுநிலை ஆய்வேட்டுக்காக உருவாக்கத் தொடங்கினார். வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைப்பது அவர் நோக்கம். பெயரும் அதையே சொல்கிறது. அதற்கு முன்பே பிரான்சின் கிரெனோபிளில் ‘காப்ரி’யும், 1991-இல் அமெரிக்காவில் ‘ஜியோமெட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட்’டும் வந்துவிட்டன. மூன்றுக்கும் பொதுவான உயிர், புள்ளியைப் பிடித்து இழுக்கும் வசதி.

அந்த இழுத்தலின் பொருளை ஆசிரியர் தாமே மாணவராக உட்கார்ந்து உணர வேண்டும். அதற்கேற்ற முதல் வேலை ஒரு சதுரம் வரைவது. பயிற்சியில் பலரும் கட்டங்களைப் பார்த்து நான்கு புள்ளிகளை வைத்து இணைத்துவிடுவார்கள். பார்வைக்குச் சதுரம், பக்கங்கள் நான்கும் 4 என்று அளவும் சொல்லும். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தவுடன் அது கோணல்மாணலான நாற்கரமாகிவிடும். சதுரத்தின் தோற்றம் வரையப்பட்டதே தவிர, அதன் பண்பு கட்டப்படவில்லை. இரண்டாவது முறை, ஒரு கோட்டுத்துண்டு வரைந்து, அதன் இரு முனைகளிலும் செங்குத்துக் கோடுகள் நிறுத்தி, அதே கோட்டுத்துண்டை ஆரமாகக் கொண்டு வட்டங்கள் போட்டு மற்ற இரு மூலைகளைக் கண்டுபிடித்தால், எப்படி இழுத்தாலும் அது பெரிதாகும், சிறிதாகும், சாயும், சதுரமாகவே இருக்கும். சம பக்கங்கள், செங்கோணங்கள் என்று பாடநூல் சொல்லும் வரையறை அப்போது மனப்பாட வரியாக இருப்பதில்லை. படம் உடையாமல் நிற்பதற்கான காரணமாகிவிடுகிறது. நெதர்லாந்தின் பியெர், டீனா வான் ஹீலே தம்பதியர் 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில் காட்டியதும் இதனோடு ஒத்துப்போகிறது. உருவத்தை மொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்பது ஒரு படி, அதன் பண்புகளால் அறிவது அடுத்த படி, பண்புகளுக்கிடையே உள்ள உறவைக் காண்பது அதற்கும் மேல். சாய்த்து வைத்த சதுரத்தை ‘டைமண்ட்’ என்று சொல்லும் மாணவர் முதற்படியில் இருக்கிறார். இழுத்துப் பார்ப்பது அவரை இரண்டாவதற்கு ஏற்றிவிடும்.

இரண்டாவது வேலை முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டுவது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பயிற்சியிலேயே அதில் காலை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று கோணங்களும் 47⅓°, 61⅓°, 71⅓° ஆக அமைந்துவிட்டதாகக் கொள்ளலாம். கூட்டினால் சரியாக 180°. ஆனால் ஜியோஜீப்ரா இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கி 47.33, 61.33, 71.33 என்று காட்டும். வகுப்பில் நோட்டில் கூட்டும் மாணவர் 179.99 என்பார். முழு டிகிரிக்கு முழுமையாக்கும்படி மாற்றினால் 47, 61, 71, கூடுதல் 179. “சார், ஒண்ணு குறையுது” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். பயிற்சியில் இதைச் சந்தித்திராத ஆசிரியர் ‘கம்ப்யூட்டர் தப்பு’ என்று கடந்துவிடக்கூடும், அல்லது படத்தைச் சற்று இழுத்து 180 வரவழைத்துவிடுவார். அந்த ஒரு டிகிரி, பாடத்தின் மிக நல்ல வாசல். அளந்து பார்ப்பது எத்தனை முறை செய்தாலும் அளவீடுதான். எல்லா முக்கோணத்துக்கும் ஏன் 180 என்பதற்கு அது விடை ஆகாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களை அடையாளம் கண்டால், மூன்று கோணங்களும் ஒரே நேர்க்கோட்டில் வந்து அமர்வது தெரியும். யூக்ளிடின் முதல் புத்தகத்தில் 32-ஆம் கூற்று இணைகோட்டின் துணையோடு நிறுவுவது இந்த உண்மையைத்தான். அந்த இணைகோட்டையும் திரையில் வரைந்து உச்சியை இழுக்கலாம். கோணங்களின் எண்கள் மாறிக்கொண்டே இருக்க, சமமான கோணச் சோடிகள் சமமாகவே தொடர்வதை மாணவர் காண்பார். அளவீடு ஐயத்தைக் கிளப்ப, நிரூபணம் அதைத் தீர்க்கிறது. இரண்டையும் ஒரே பாடவேளைக்குள் நிகழ்த்த முடிவது திரையின் பெரிய கொடை.

கோணத்திலேயே இன்னொரு குழப்பம், உட்கோணமும் திரும்பும் கோணமும். 1967-இல் வாலஸ் ஃபர்ஸைக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியில் ஓர் ஆமை உண்டு. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளை கொடுத்தால் அது நகர்ந்த தடம் கோடாகும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால், ‘நூறு அடி போ, 60 டிகிரி திரும்பு’ என்பதை மூன்று முறை செய்யச் சொல்வது மிக இயல்பான முதல் முயற்சி. திரையில் வருவதோ மூடாத உருவம். ஒழுங்கு அறுகோணத்தின் மூன்று பக்கங்கள். அப்போது ஒருவரைத் தாழ்வாரத்தில் நடக்கவிட வேண்டும். மூலைக்கு வந்ததும் எவ்வளவு திரும்பினால் அடுத்த பக்கத்தை நோக்கி நிற்க முடியும் என்று உடம்பாலேயே கணக்கிட்டால், 180-இல் 60 போக 120 திரும்ப வேண்டும் என்பது விளங்கும். மூன்று முறை 120. மொத்தம் ஒரு முழுச் சுற்று. எந்தக் குவிவுப் பலகோணத்துக்கும் வெளிக்கோணங்களின் கூடுதல் 360° என்பதை நடந்தே கண்டுபிடித்தாயிற்று. ஸ்கிராட்ச் நிரல்மொழியிலும் இதே பயிற்சியைச் செய்யலாம். திரை, தாழ்வாரம், மறுபடி திரை என்ற அந்தப் போக்குவரத்தை விட்டுவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

கால்குலேட்டரையும் விரிதாளையும் பயிற்சிகளில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. மளிகைக் கடை மேசையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று வரிசையாக அழுத்தினால் 20 வரும். கைபேசியில் அதையே அழுத்தினால் 14. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், செயல்களின் வரிசை என்பது கணக்கு வாத்தியாரின் கட்டாயம் அன்று, எல்லோரும் ஒரே விடைக்கு வர மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு என்று ஆறாம் வகுப்பே புரிந்துகொள்ளும். எட்டாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது, எக்செல்லில் =-3^2 என்று தட்டினால் 9 என்றும், ஜியோஜீப்ராவில் -3^2 என்று தட்டினால் -9 என்றும் வரும். எக்செல் முதலில் -3 ஆக்கிவிட்டு அதை வர்க்கப்படுத்துகிறது. ஜியோஜீப்ரா 3-ஐ வர்க்கப்படுத்தியபின் குறியை மாற்றுகிறது. பாடநூல் வழக்கு இரண்டாவது. அடைப்புக்குறி எதற்காக இருக்கிறது என்பதை விளக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. விரிதாளில் செய்யத்தக்க இன்னொன்று: டப்பா மூடி, தட்டு, சைக்கிள் சக்கரம் என்று கிடைத்ததையெல்லாம் நூலால் சுற்றி அளந்து, சுற்றளவு ஒரு நிரலிலும் விட்டம் அடுத்த நிரலிலும் இட்டு வகுத்தால், மூன்றாவது நிரலில் 3.1-ஐ ஒட்டிய எண்களாக வந்து விழும். ஒன்று மட்டும் 2.6 என்று வந்தால் அந்த அளவை யார் எடுத்தார் என்று தேடிப் போய் மறுபடி அளப்பார்கள். அந்தத் தேடலும் கணிதமே.

எல்லா மாணவர் கையிலும் கருவி இருக்காது என்பதைப் பயிற்சி மறைக்காமல் ஏற்க வேண்டும். ஆசிரியரிடம் ஒரு கைபேசியும் முன்னால் நாற்பது பிள்ளைகளும் என்பது சாதாரண நிலைமை. அதற்கு உதவுவது பிளிக்கர்ஸ் போன்ற ஏற்பாடு. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறாரோ அதுவே அவர் விடை. ஆசிரியர் கைபேசிக் கேமராவை வகுப்பின்மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார் என்று பதிவாகிவிடும். இதில் அட்டையை விடக் கேள்விக்குத்தான் உழைப்பு வேண்டும். 0.35, 0.8, 0.125, 0.09 ஆகியவற்றில் பெரியது எது? 0.125 என்றவர் முழு எண் போலப் படித்து 125 என்கிறார். 0.35 என்றவர் பணக் கணக்கில் நினைத்து 0.8-ஐ எட்டுப் பைசாவாக்கியிருக்கலாம். 0.09 என்றவர் இடமதிப்பை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சொல்லும்படி அமைந்த கேள்வியால் அரை நிமிடத்தில் வகுப்பின் நிலை தெரிந்துவிடும். அத்தகைய கேள்விகளை எழுத ஒரு முழு மதியத்தை ஒதுக்கினாலும் தகும். முதல் நாள் பிரித்த குவியல்களே அதற்கு மூலப்பொருள்.

இணையம், மின்சாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். க்யூஆர் குறியீட்டை மட்டும் நம்பிப் பாடம் தயாரித்தால், சிக்னல் இல்லாத நாளில் பாடவேளை வீணாகும். ஜியோஜீப்ரா கிளாசிக் 5 கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். கைபேசிச் செயலியும் அப்படியே. வேண்டிய பணித்தாள்களைக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் ஏற்றி எடுத்துச் செல்வதைப் பயிற்சி நாள்களுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். மின்சாரம் போனால் அதே பாடத்தைக் கரும்பலகையில் எங்கிருந்து தொடர்வது என்பதும் பாடத்திட்டத்தில் ஒரு வரியாக இருக்கட்டும். புரொஜெக்டரைப் பொருத்தி, பிள்ளைகளை லேபுக்கு நடத்திச் செல்வதற்குள் பத்து நிமிடம் கரையும். பாடவேளை நாற்பது நிமிடம் என்றால் திரைக்கு மிஞ்சுவது முப்பதுதான். அதில் ஒரே ஒரு கருத்து நின்றால் நிறைவு. பயிற்சியில் பத்துச் செயலிகளை அறிமுகப்படுத்துவதை விட ஒன்றில் கை படிய வைப்பது எத்தனையோ மடங்கு மேல். கத்திரி வெயில் ஏறும் பிற்பகலில் சொற்பொழிவை நிறுத்திவிட்டுச் செய்முறைக்குப் போவதும் அவசியம்.

கோடைப் பயிற்சிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: வகுப்பில் பிள்ளைகள் இல்லை. ஆசிரியர்களே மாணவராக நடிக்கும் மாதிரி வகுப்பில், எல்லோருக்கும் விடை தெரியும். ஆகவே எந்தப் பாடமும் நன்றாகவே நடக்கும். பக்கத்துத் தெருவில் விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் பத்துப் பேரைப் பெற்றோர் ஒப்புதலோடு ஒரு நாள் காலை வரவழைக்க முடிந்தால் பயிற்சியின் முகமே மாறும். ஜப்பானில் நீண்ட காலமாக இருந்துவரும் பாட ஆய்வு முறை இங்கே கைகொடுக்கும். ஒரு பாடத்தைப் பலர் சேர்ந்து திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் அவரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். யார் எந்தப் புள்ளியை இழுத்தார், எங்கே கை நின்றது, யார் வாய்விட்டு ஏதோ சொல்லி அடக்கிக்கொண்டார் என்பதெல்லாம் குறிக்கப்படும். பிறகு உட்கார்ந்து பேசும்போது பேச்சு ஆசிரியரின் திறமையைப் பற்றியதாக இராது, பாடத்தைப் பற்றியதாக இருக்கும். நடத்தியவருக்கும் கூச்சம் இராது.

பயிற்சியை அடுக்கடுக்காக இறக்கும் முறையிலும் ஓர் இழப்பு இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய நிஷ்தா திட்டம் நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களை இலக்காகக் கொண்டது. அத்தனை பேரை எட்ட, முதலில் கருத்தாளர்களைப் பயிற்றுவித்து அவர்கள் வழியாக மற்றவர்களை அடைவதே வழி. மாநிலத்தில் கேட்டது மாவட்டத்துக்கு வரும்போது செய்முறை சுருங்கி, வட்டாரத்துக்கு வரும்போது பி.பி.டி மட்டும் எஞ்சிவிடும் அபாயம் இதில் உண்டு. அதைக் குறைக்க எளிய வழி, எந்த மட்டத்திலும் பி.பி.டியைக் கைமாற்றாமல் செய்முறையையே கைமாற்றுவது. கருத்தாளர் ஒவ்வொருவரும் அந்தச் சதுரத்தைத் தாமே உடைத்துப் பார்த்திருக்க வேண்டும், 179.99-ஐத் தம் நோட்டில் கூட்டியிருக்க வேண்டும். இழப்பைக் குறைக்கும் இன்னொரு வழி கேரளத்தில் தெரிகிறது. அம்மாநிலம் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியாகவும், பிறகு கைட் நிறுவனத்தின் வழியாகவும் கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் நிலைநிறுத்தியது. பயிற்சியில் தொட்ட அதே மென்பொருள் பள்ளியிலும் கணினியைத் திறந்தவுடன் இருப்பது அங்கே ஆசிரியருக்குக் கிடைத்த பெரிய வசதி.

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1980-களிலேயே வலியுறுத்திய ஒன்று இன்றும் பொருந்துகிறது. விளக்கமும் செய்துகாட்டலும் பயிற்சிக் கூடத்திலேயே நின்றுவிடும். திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதும், வகுப்புக்குப் போன பிறகு பக்கத்தில் ஒரு துணை இருப்பதுமே புதிய முறையை வகுப்பில் வேரூன்றச் செய்யும். ஆகையால் மே மாதப் பயிற்சியின் மறுபாதி ஜூன், ஜூலையில் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகளின் இரண்டு ஆசிரியர்கள் சோடி சேர்ந்து, மாதம் ஒரு முறை ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் உட்காரத் தலைமையாசிரியர்கள் அனுமதி தர வேண்டும். குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கலாம்; அங்கே கொண்டுவர வேண்டியது ஒரு பணித்தாளும் அதைச் செய்த பிள்ளைகளின் நோட்டுகளும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தாள்களை மறுபடியும் அதே நான்கு குவியல்களாகப் பிரிக்கலாம். -7 + 3 = -10 என்ற குவியல் கோடையில் எவ்வளவு உயரம் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறையாத குவியலுக்கான பாடத்தை மட்டும் சோடி ஆசிரியரோடு சேர்ந்து இரண்டாம் பருவத்துக்குள் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.